தாண்டு பலகையின் அருகே

குழாயில் தண்ணீர் வரும் சத்தத்தில் எழுந்திருப்பேன். முதலில் டிரம், பிறகு குடம். முன்பெல்லாம் இரண்டு டிரம் நிரப்புவோம். இப்போது ஒன்று போதும். மற்றது சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. பல் துலக்குவேன். பால் காய்ச்சி டீ போட்டு நின்றுகொண்டே குடிப்பேன். குளிப்பேன். முந்தின நாள் துவைத்துக் காயப்போட்ட சட்டையை இஸ்திரி போடாமல் மாட்டிக்கொள்வேன். ஊதுபத்தி கம்பெனியில் வேலை. பி.எஸ்சி. வேதியியல் படித்ததால் மணக்கலவைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வாசனைகளை அளந்து கலப்பேன். சாயங்காலம் திரும்பி வருவேன்.

ஜூலை கடைசியிலிருந்து இதில் ஒன்று கூடியது. டீ குடித்த பிறகு எதிர்வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் டிவி பார்த்தேன். அட்லாண்டாவில் ஒலிம்பிக். அங்கே சாயங்காலம் நடப்பது நமக்கு விடிகாலையில் வந்தது. என்னைக் கூப்பிட்டது எதிர்வீட்டுச் சென்னம்மா. என் மனைவி பூங்குழலி பிப்ரவரியில் இறந்த பிறகு நான் யாரோடும் பேசுவதில்லை என்று அவருக்குக் கவலை. பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். போய் உட்கார்ந்தேன்.

சென்னம்மாவின் கணவர் மஞ்சுநாத் எங்கள் மைசூர் மண்டி மொஹல்லாவிலேயே ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மகள் ஜீவிதா பி.யு.சி. இரண்டாம் ஆண்டு. மூவரும் கன்னடக்காரர்கள். நானும் இந்தச் சந்தில் பிறந்தவன் என்பதால் அவர்களோடு கன்னடத்தில்தான் பேச்சு. தமிழ் எங்கள் வீட்டுக்குள் மட்டும். பூங்குழலி போன பிறகு அதுவும் இல்லை.

ஒரு நாள் நீளம் தாண்டுதல் காட்டினார்கள். ஓடி வந்தவனின் காலைக் காமிரா கிட்டத்தில் காட்டியது. பலகை ஓரம் உட்கார்ந்திருந்தவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். ஃபவுல்.

"இதே மாதிரிதானே அப்பா, மெட்ராஸ்ல கொடி பிடிச்சாங்களே ஒருத்தங்க" என்றாள் ஜீவிதா. "அச்சு அசல் பூங்குழலி அக்கா."

சென்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அவள்தான்.

பூங்குழலி கௌதள்ளிக்காரி. ஹனூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. அப்பா இல்லை. அம்மா பாப்பாத்தி கொஞ்சம் நிலத்தில் ராகியும் அவரையும் போட்டு அவளைப் படிக்க வைத்தார். உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்பைக் கோயமுத்தூரில் முடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. பி.டி. மிஸ். விசிலோடு போவாள், தொண்டை கட்டி வருவாள்.

தடகளப் போட்டிகளில் நடுவர்களாக நிற்பவர்கள் பெரும்பாலும் இவளைப் போன்ற ஆசிரியர்கள்தான். அவள் கல்லூரி நாட்களிலேயே தாண்டு பலகை நடுவர். ஓடி வருகிறவளின் கால், பலகையைத் தாண்டிக் களிமண் பட்டையில் பட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டும். பட்டால் சிவப்புக் கொடி, படாவிட்டால் வெள்ளை. கண் இமைக்கக் கூடாது என்பாள். கொடிகளை அவளே தைத்து வைத்திருந்தாள். வீட்டில் அவை சும்மா இருக்காது. குழாயைச் சரியாக மூடாவிட்டால் சமையலறையிலிருந்து சிவப்புக் கொடி நீளும். சம்பளத்தன்று மல்லிகை வாங்கி வந்தால் வெள்ளை. நான் வாக்குவாதம் செய்தால் நடுவர் தீர்ப்பே இறுதியானது என்பாள்.

போன வருடம் டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஏழு நாடுகள். கோயமுத்தூர்ப் பேராசிரியர் ஒருவர் நடுவர் குழுவில் அவள் பெயரைச் சேர்த்திருந்தார். பெண்கள் நீளம் தாண்டுதலுக்குப் பலகை நடுவர். சேதி வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, மேலே எதையும் வைக்க மறந்து நின்றாள்.

அதே டிசம்பரில் காவிரிப் பிரச்சினை மறுபடி கிளம்பியது. தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு, விடக் கூடாது என்று ஊர்வலம். தொண்ணூற்றொன்றில் நடந்ததை இந்த ஊர்த் தமிழர்கள் மறக்கவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இருந்தார். கல்லும் கட்டையுமாய் ஒரு கும்பல் சந்துக்குள் வந்தது. மஞ்சுநாத் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது என் தம்பி வீடு, அவன் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அதனால், பூங்குழலி மெட்ராஸ் போவதை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். இரண்டு பேரும் சேர்ந்துதான். தமிழ்நாட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று பள்ளியில் சொன்னால் அந்த நேரத்தில் லீவு கிடைக்காது. சந்தில் சொன்னால் யார் காதுக்குப் போகும் என்று தெரியாது. மஞ்சுநாத் வீட்டில் மட்டுமாவது சொல்லலாமா என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரிந்தால் ஜீவிதாவுக்குத் தெரியும், ஜீவிதாவுக்குத் தெரிந்தால் கல்லூரிக்கே தெரியும் என்றாள். உண்மைதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கௌதள்ளி போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பயமும் இருந்தது, சௌகரியமும் இருந்தது. மாமியாருக்கும் சொல்லி வைத்தோம். எனக்குத்தானே காய்ச்சல், வந்துட்டுப் போகட்டும் என்றாராம்.

அவள் ஒரு பையோடு கிளம்பினாள். சென்னம்மா பஸ்ஸில் சாப்பிட சித்ரான்னம் கட்டிக் கொடுத்தார். அம்மாவை மைசூருக்கே கூட்டி வந்துவிடு, நல்ல டாக்டரிடம் காட்டலாம், இவர் வேன் ஏற்பாடு செய்வார் என்றார். பூங்குழலி தலையாட்டினாள். தெருமுனை வரை பையைத் தூக்கி வந்த என்னிடம், இந்தம்மா இத்தனை நல்லவங்களா இருக்க வேண்டாமுங்க என்றாள்.

நானும் கடைசி இரண்டு நாளுக்குச் சென்னை போய் அவள் நிற்பதைப் பார்ப்பதாக இருந்தது. காவிரித் தகராறில் பஸ்கள் எப்போது நின்றுபோகும் என்று தெரியவில்லை என்றார்கள். போகவில்லை.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பெண்கள் நீளம் தாண்டுதல் நடந்த மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கிறாயே, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சென்னம்மாவே கூப்பிட்டிருந்தார். தட்டில் முத்தை என்கிற ராகிக் களியும் கீரைச் சாறும். கடையை மூடிவிட்டு மஞ்சுநாத்தும் வந்திருந்தார். தூர்தர்ஷனில் நேரு ஸ்டேடியம். ரொம்ப நேரம் ஓட்டப் பந்தயம். பிறகு மணல் குழி.

அவள் வந்தாள். வெள்ளைப் புடவை, நீல பிளேசர், வெள்ளைத் தொப்பி. பலகைக்குப் பக்கத்தில் சின்ன நாற்காலியின் நுனியில் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் ஓடி வந்து தாண்டினாள். பூங்குழலி எழுந்து பலகையைப் பார்த்தாள். வெள்ளைக் கொடி. கையை முழுவதுமாக, தோளோடு தூக்கினாள். வீட்டில் அப்படித் தூக்கமாட்டாள்.

என் கையில் முத்தை உருண்டை அப்படியே இருந்தது.

"அது நம்ம பூங்குழலி அக்கா இல்ல?" என்று ஜீவிதா எழுந்துவிட்டாள்.

சென்னம்மா கண்ணாடியைத் தேடினார். மஞ்சுநாத் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அதற்குள் அடுத்தவள் ஓடி வந்தாள். சிவப்புக் கொடி. தாண்டியவள் கையை விரித்து ஏதோ கேட்டாள். பூங்குழலி பட்டையிலிருந்த தடத்தை விரலால் காட்டினாள். அந்த விரலை எனக்குத் தெரியும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இருந்த மூன்று பேரும் என் வீட்டு வாசலில் எனக்காக உட்காரக்கூடியவர்கள்.

"இல்லை. அவ கௌதள்ளில இருக்கா" என்றேன்.

"கௌதள்ளில இருக்கறவ மெட்ராஸ்ல கொடி காட்டணும்னா ஏரோப்ளேன்ல போகணும் மாராயா" என்றார் மஞ்சுநாத். "ஆனா முறைப்பு அவளுதேதான். தெருவுல கிரிக்கெட் ஆடற பசங்களை இப்படித்தான் விரட்டுவா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காமிரா வேறு பக்கம் போயிற்று.

அவள் திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். பையைக்கூட இறக்கவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், முதலில் யார் சொன்னது, எத்தனை தாண்டலுக்கு அவள் தெரிந்தாள் என்று கேட்டாள். ஜீவிதா சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்படித்தானுங்க சொல்லோணும்" என்றாள். பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தராச்சும் கண்டுபிடிச்சாங்கல்ல" என்றாள்.

காவிரிச் சத்தம் அடங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம். அவ்வளவுதான் விஷயம் என்று இருந்தோம். மறுநாள் காலை சென்னம்மா வந்தார். படியேற முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது முட்டி வீங்கியிருந்தது.

சாமுண்டி மலைக்குப் போயிருக்கிறார். பூங்குழலியின் அம்மாவுக்காக. வேண்டிக்கொண்டால் கீழிருந்து உச்சி வரை ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுவார்கள் இங்குள்ள பெண்கள். மகளுக்குப் பரீட்சை வந்தபோதுகூட முட்டியைக் காரணம் சொல்லிப் பஸ்ஸில் போனவர், முகம் தெரியாத பாப்பாத்திக்காகப் படி மஞ்சள் வைத்திருக்கிறார். பூங்குழலியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் கொடு என்று நீட்டினார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"பரவாயில்லை அக்கா. எழுந்து நடக்கறாங்க" என்றாள் பூங்குழலி.

"அதானே. சாமுண்டி, அவ கேட்பா" என்றார் சென்னம்மா.

அவர் போன பிறகு பூங்குழலி பொட்டலத்தைச் சாமி படத்தின் கீழே வைத்தாள். இனி எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த முட்டி சரியாகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். வீக்கத்தோடு இருக்கிறவரிடம், நீங்கள் ஏறியது வீண் என்று சொல்ல முடியாது என்றாள்.

தினமும் ஜன்னலிலிருந்து அந்த முட்டியைப் பார்த்தாள். பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தாள், எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தாள். இன்னும் நொண்டுகிறார் என்றாள். பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை. சென்னைத் தொப்பி பீரோவுக்குள் இருந்தது. சில நாள் எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பாள். திரும்ப வைத்துவிடுவாள். ஊரெல்லாம் பார்க்க நின்றுவிட்டு வந்தவள், வீட்டுக்குள் ஒளிந்து தொப்பி போட வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. அன்று காலை அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். கொடிகள் பையில். எதிரே குழாயடியில் சென்னம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் முதல்தடவையாக அப்படி உட்கார்ந்திருந்தார். பூங்குழலி அதைப் பார்த்தாள். நான் லூனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தொப்பி புதுசா, நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று சென்னம்மா கேட்டார். சாயங்காலம் காபி போட்டு வையுங்கள், வந்து சொல்கிறேன், பெரிய கதை என்று கன்னடத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் ஒன்று சொன்னாள். லூனாவைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து கம்பெனிக்கு ஆள் வந்தது. ரிங் ரோடில் லாரி. நான் போனபோது அவளுக்குப் பேச்சில்லை. பையையும் தொப்பியையும் பள்ளி ஆயா கொண்டுவந்து கொடுத்தார். தொப்பியில் ஒன்றும் ஆகவில்லை. வண்டி ஓட்டும்போது கழற்றிப் பைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

பாப்பாத்தி கௌதள்ளியிலிருந்து வந்தார். திடமான உடம்பு. மகளைப் பார்த்து உட்கார்ந்தவர், கடைசிவரை ஒருவர் பிடிக்காமல் தானே எழுந்து தானே நடந்தார். சென்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பிழைத்தீர்கள், இவள் போய்விட்டாளே என்று அழுதார். பாப்பாத்தி என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாம்மா" என்றார். மகள் சொல்லி வைத்த பொய்யை அவர் அங்கேயும் காப்பாற்றினார்.

அதன் பிறகு நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்.

அட்லாண்டா நீளம் தாண்டுதல் முடிந்தது. ஜெயித்தவன் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடினான். மஞ்சுநாத் செருப்பைத் தேடினார். நானும் எழுந்தேன். சென்னம்மா டிவியைப் பார்த்தபடியே பேசினார். யாரிடம் என்று சொல்ல முடியாது.

"நான்தான் சாமுண்டிகிட்டத் தப்பாக் கேட்டுட்டேன். அம்மாவைக் குடுன்னு கேட்டேன். பொண்ணையும் சேர்த்துக் கேட்டிருக்கணும். ஒவ்வொரு படியிலும் அந்தம்மா பேரைச் சொன்னேனே, ஒரு படியிலயாவது இவ பேரைச் சொல்லலையே. ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டா."

இதை ஆறு மாதமாக அவர் மனதில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் நின்றேன். பிறகு என் வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து தொப்பியை எடுத்தேன். கொடிகளையும் எடுத்தேன். திரும்ப வந்து சென்னம்மாவின் மடியில் வைத்தேன்.

ஜீவிதா தொப்பியைத் திருப்பி முன்னால் ஆங்கிலத்தில் பின்னியிருந்த மெட்ராஸ் போட்டியின் பெயரைப் படித்தாள். சத்தமாகப் படிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அது அவள்தான் என்றேன். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, எங்கள் இரண்டு பேரின் பொய் அது, காவிரிக்குப் பயந்தும் லீவுக்காகவும் சொன்னோம், உங்கள் முட்டியைப் பார்த்த பிறகு சொல்ல முடியாமல் போயிற்று என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

மஞ்சுநாத் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றை மாட்டாமல் நின்றார்.

"தொண்ணூத்தொண்ணுல வாசல்ல நாற்காலி போட்டது யாரு?" என்றார்.

"நீங்க."

"அப்போ என்கிட்டயுமா மாராயா?"

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு கடைச் சாவியை எடுத்தார். வாசலில் நின்று திரும்பி, "அன்னிக்கு நான் டிவிக்குப் பக்கத்துல போய்ப் பாத்தேன். அவளேதான்னு தோணுச்சு. நீ இல்லைன்னு சொன்னதால சும்மா இருந்தேன்" என்றார். போய்விட்டார். ஷட்டர் தூக்கும் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கேட்டது.

சென்னம்மா சிவப்புக் கொடியின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"பாப்பாத்தியம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை."

"ஒரு ஜுரம்கூட?"

"இல்லை."

"அப்போ நான் வாங்கிக்கிட்டது எதுவும் இல்லை" என்றார். "அவளும் எதையும் பதிலுக்கு எடுத்துக்கலை." வலது முட்டியைக் கையால் அமுக்கினார். "சும்மா ஏறியிருக்கேன்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தொப்பியை ஜீவிதாவின் தலையில் வைத்து, பின்பட்டையைச் சரிசெய்து, பிறகு கழற்றி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். டிவியில் வேறு ஏதோ பந்தயத்துக்கு வரிசையாக நின்றார்கள். ஜீவிதா சத்தத்தைக் குறைத்தாள். அன்றைக்கு நானே சொன்னேனே, நானே சொன்னேனே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னதை அவள் மறுபடி மறுபடி கேட்டாள் என்றேன். ஜீவிதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"சிவு" என்றார் சென்னம்மா. "அன்னிக்குக் குழாயடில இந்தத் தொப்பி ஏதுன்னு கேட்டேன். சாயங்காலம் சொல்றேன்னா. அப்புறம் உன்கிட்ட உங்க பாஷைல ஏதோ சொன்னா. எனக்குப் புரியல. நீ தலையாட்டினே. அதுக்கப்புறம் நான் அவளைப் பாக்கலை. என்ன சொன்னா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கன்னடத்தில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் சொன்னபடியே தமிழில் சொன்னேன்.

"நானே சாயந்தரம் அவங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்க. நீங்க முந்திக்காதீங்க."